ரெண்டு எடைக்கல்... ஒரு வாண்டு!

'இந்த வாண்டு பெரிசானா என்ன ஆகப்போகுதோ!' - தம்பி, தங்கச்சியைப் பார்த்து இந்த டயலாக்கை விடாத அண்ணன், அக்கா உண்டா பாஸ்? பைபிள்லயும் இதுபத்தி இருக்கு. நீதிமொழிகள் 20-ம் அதிகாரம், 11-வது வசனம். பிள்ளையோட குணம் அதோட செய்கையிலேயே தெரிஞ்சுடும்கிறதுதான் சாரம். நம்மூர் 'விளையும் பயிர்' மாதிரி.

ஆனா, அந்த வசனத்தோட அக்கம்பக்கத்தைப் பாருங்க, அங்கேதான் மேட்டரே! அதுக்கு முந்தின வசனம், ரெண்டு விதமா எடைக்கல் வெச்சு ஏமாத்துற ஆளைக் கண்டிக்குது. 14-வது வசனத்துல ஒருத்தர், 'சரக்கு மட்டம்'னு சொல்லி வாங்கிட்டு, வெளியே போய் பெருமையடிக்கிறார். அட, நம்ம காதர்பேட்டை பேரம்! ஆக, அந்தப் பிள்ளை நிக்கிறது ஒரு கடைவீதி நடுவுல. பெரியவங்களைப் பார்த்துட்டே நிக்குதுன்னுதான் எனக்குத் தோணுது.

ஸ்டான்ஃபோர்டுல வால்டர் மிஷெல் நடத்தின மிட்டாய் சோதனை தெரியும்ல? உடனே தின்னா ஒண்ணு, பொறுத்தா ரெண்டு. பொறுத்த பசங்கதான் பின்னாடி நல்லா படிச்சாங்கன்னு உலகமே கொண்டாடுச்சு. 2013-ல ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் செலஸ்ட் கிட் குழு அதுல ஒரு ட்விஸ்ட் வெச்சாங்க. மொத்தம் 28 குழந்தைங்க. 'சூப்பர் கிரேயான்ஸ் கொண்டு வர்றேன்'னு சொல்லிட்டு, பாதிப் பேர்கிட்ட வெறுங்கையோட வந்தாங்க. மீதிப் பேருக்கு சொன்னபடி கொடுத்தாங்க. அப்புறம்தான் மிட்டாய். ஏமாந்த வாண்டுங்க சராசரியா 3 நிமிஷம் பொறுத்தாங்க. மத்தவங்க 12 நிமிஷம்!

இப்போ திருப்பூருக்கு வாங்க. பனியன் கம்பெனியில பீஸ் ரேட் டெய்லரா இருக்கிற அப்பா, 'சனிக்கிழமை சம்பளம் வரட்டும், வாங்கித் தர்றேன் கண்ணு'ம்பார். ஆர்டர் இருந்தா ஒன்றரை ஷிஃப்ட். இல்லேன்னா மெஷினுக்கு லீவு, வீட்டுல வாக்குக்கும் லீவு. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதவீத வரி போட்டப்போ, எத்தனை வீட்டுச் சனிக்கிழமை பொய்யாகியிருக்கும்! அப்பா பொய்க்காரர் இல்லீங்க. ஆனா நாலு வயசுக்கு வாஷிங்டன் தெரியுமா? மிக்சர் பொட்டலத்தைப் பார்த்ததும் பறிக்கிற அந்தப் பொடியனுக்கு நாம ஈஸியா வெக்கிற பேரு, 'பேராசைக்காரன்'. அவன் போட்டது வெறும் கணக்குங்க.

ஆமா... தங்கச்சிக்கு 'ஞாயித்துக்கிழமை சைக்கிள் கத்துத் தர்றேன்'னு சொன்னீங்களே, அது எந்த ஞாயிறு?