தண்ணியை அடிக்காதீங்க மக்களே!

காரைக்கால்காரன் இப்படித் தலைப்பு வச்சா எந்தத் தண்ணியைப் பத்தின்னு சந்தேகம் வரத்தான் செய்யும். சனிக்கிழமை சாயங்காலம் எல்லை தாண்டி எங்க ஊருக்கு வந்துட்டுப் போற அன்பர்களே, இது அந்தத் தண்ணி இல்லை. ஏமாத்தத்துக்கு மன்னிக்கவும் :-) இது நீச்சல் பதிவு. கொஞ்சம் சண்டைப் பதிவும் கூட.

நம்ம நண்பர்கள் பல பேர் முதல்ல ஓட ஆரம்பிச்சாங்க. அப்புறம் சைக்கிள் வாங்கினாங்க. இப்ப டிரையத்லான்ல வந்து நிக்கிறாங்க. ரொம்ப சந்தோஷம். ஆனா நீச்சல்னு பேச்சை எடுத்தா மட்டும் ஒரே பல்லவி: "மொத்த தூரத்துல நீச்சல் ரெண்டு பர்சென்ட் கூட இல்லைங்க. எப்படியாவது தத்தளிச்சுக் கரையேறிட்டா சைக்கிள்ல புடிச்சிடலாம்."

கணக்கு சரிதான். அரை அயர்ன்மேன்னு சொல்ற 70.3 போட்டியில 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் 113. நீச்சலோட பங்கு 1.7 சதவீதம். கோயிலுக்குள்ள போறதுக்கு வாசப்படி எத்தனை சதவீதம்னு இவங்க கணக்குப் பாத்தாங்களான்னு தெரியலை. அதைத் தாண்டாம உள்ள போக முடியாது, அவ்வளவுதான். 70.3ல நீச்சலுக்கு வழக்கமா கொடுக்குற நேரம் 1 மணி 10 நிமிஷம். வகுத்துப் பாத்தா 100 மீட்டருக்கு 3 நிமிஷம் 41 செகண்ட். அதுக்கு மேல ஆச்சுன்னா, ரெண்டு லட்ச ரூபா சைக்கிள் ஸ்டாண்டுல நின்னு உங்களையே பாத்துட்டு இருக்கும். நீங்க அதைத் தொட முடியாது.

3:41 சுலபம்தானேன்னு தோணும். குளத்துல சுலபம். கடல்ல நேர்கோடு கிடையாது, சுவர் கிடையாது, அடியில கோடு கிடையாது. நிமிர்ந்து குறி பாக்கத் தெரியாதவர் 1900 மீட்டரை வளைஞ்சு வளைஞ்சு 2200 ஆக்கிடுவார். 100க்கு 2:45 போறவருக்கே அந்த 300 மீட்டர் 8 நிமிஷத்தைத் தின்னுடும். ரெண்டு பர்சென்டாம்!

இது வெறும் மெடல் விவகாரம்னா நான் இவ்வளவு கத்த மாட்டேன். அமெரிக்காவுல 1985லேர்ந்து 2016 வரைக்கும் டிரையத்லான் போட்டிகள்ல நடந்த மரணங்களையும் திடீர் இதய நிறுத்தங்களையும் எண்ணி, 2017ல ஒரு ஆய்வு வெளியாச்சு. மொத்தம் 135 பேர். அதுல மூணுல ரெண்டு பங்கு நீச்சல்ல. சைக்கிள்லயும் இல்லை, வெயில்ல ஓடுறப்பவும் இல்லை. பெரும்பாலும் நடுத்தர வயசு ஆம்பளைங்க. பிரேதப் பரிசோதனை நடந்தவங்கள்ல கணிசமான பேருக்கு ஏற்கெனவே இதயத்துல கோளாறு இருந்திருக்கு. அதனால நாப்பது தாண்டின அண்ணன்மாரே, முதல்ல டாக்டர்கிட்ட நெஞ்சைக் காட்டிட்டு வாங்க. அடுத்து, மூச்சு முட்ட முட்ட முதல் நூறு மீட்டரை அடிச்சு நொறுக்குற பழக்கத்தை விட்டுத்தொலைங்க. தத்தளிச்சுக் கரையேறுறதுன்னா என்னன்னு நினைச்சீங்க? இதயம் படபடன்னு அடிக்கிறப்ப, புடிச்சு நிக்க ஒரு இடமில்லாம இருக்குறது. நீச்சல் வேகத்தை நான் பாதுகாப்புன்னு சொல்றது இதனாலதான். நிதானமா 2:40 போறவர் கரையேறும்போது பேசிக்கிட்டே வருவார். உயிரைக் கொடுத்து 3:30 போறவரைத் தூக்கிட்டு வரணும்.

சரி, எங்க ஊர்ப் பெருமைக்கு வருவோம். "கடற்கரையில பொறந்தவனுக்கு நீச்சல் சொல்லித்தரணுமாடா?" அரசலாறு, திருமலைராஜனாறு, தெருவுக்கு ஒரு குளம், கிழக்கால கடல். நியாயமான கேள்வி மாதிரியே இருக்கும். ஆனா நாம கத்துக்கிட்ட நீச்சல் எது? சுரைக்குடுக்கையையோ பிளாஸ்டிக் கேனையோ முதுகுல கட்டி மாமா குளத்துல தள்ளிவிடுவார். நாலு நாள் கழிச்சுக் குடுக்கையை அவுத்துடுவார். தலையைத் தூக்கிக்கிட்டு, தண்ணியைப் படார் படார்னு அறைஞ்சு அக்கரை போய் திரும்புவோம். உயிர் பொழைக்க அருமையான நீச்சல் அது. கடல்ல வலை போடுற அண்ணன்மாருக்குத் தலை மேலதான் இருக்கணும். படகு எங்கே, கயிறு எங்கே, அடுத்த அலை எப்பன்னு பாக்கணுமே. அவங்க வேலைக்கு அதுதான் சரி.

1.9 கிலோமீட்டருக்கு அது ஆகாது. காரணம் ஏத்தம் இறைச்ச தாத்தாவுக்கே தெரியும். ஏத்தத்துல ஒரு முனை மேல போனா மறுமுனை கீழ போகும். தலையைத் தூக்கினா இடுப்பும் காலும் முங்கும். அப்ப நீங்க தண்ணியில படுத்துப் போகலை, சாஞ்சு நின்னுக்கிட்டு ஒரு கதவைத் தள்ளிக்கிட்டுப் போறீங்க. கட்டுமரம் ஏன் நீளமா, ஒடுக்கமா, தட்டையா இருக்கு? எதிர்ல வர்ற தண்ணிக்குக் கொஞ்சமா இடம் கொடுக்கத்தான். அந்தக் கட்டுமரத்தைச் செங்குத்தா நிறுத்தி துடுப்புப் போட்டா எப்படி இருக்கும்? அதைத்தான் நாம செய்யுறோம், "எனக்கு நீச்சல் தெரியும்"னு சொல்லிக்கிட்டே.

அடுத்து நம்ம ஓட்டக்கார கோஷ்டி. இவங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரே மருந்து: இன்னும் கொஞ்சம் முக்கு. தரையில அது ஓரளவு எடுபடும். தண்ணி காத்தை விட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. அதோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும். அதைத் தள்ள வேண்டிய சக்தி வேகத்தோட மும்மடியில ஏறும். அதாவது, இதே உடம்பு நிலையோட 10 சதவீதம் வேகம் கூட்டணும்னா ஏறக்குறைய 33 சதவீதம் கூடுதல் சக்தி வேணும். எந்த ஆபீஸ்காரன்கிட்ட அது சும்மா கிடக்கு? ஆனா தலையை இறக்கி, இடுப்பை மேல கொண்டு வந்தா எதிர்ப்பே குறையுது. ஒரு சொட்டு வேர்வை கூடுதலா விடாம வேகம் வருது. தண்ணியை அடிக்காதீங்கன்னு நான் தலையால அடிச்சுக்கிறது இதுக்குத்தான்.

"பேசுறது ஈஸி, என்னதான் பண்ணணும்?"னு பின்னூட்டத்துல கும்முறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன்.

முதல்ல மூச்சு. புதுசா வர்றவங்க முக்கால்வாசிப் பேர் தண்ணிக்குள்ள மூச்சை அடக்கிட்டு, தலையைத் திருப்பின அரை செகண்டுல விட்டு இழுக்கப் பாக்குறாங்க. நடக்குற காரியமா? முகம் உள்ள இருக்குறப்பவே மூக்கு வழியா குமிழி குமிழியா விட்டுக்கிட்டே இருக்கணும். வெளிய வந்தா இழுக்குறது மட்டும்தான் வேலை. மூச்சு முட்டுற பயத்துல பாதி, உள்ளே தேங்கின காத்தால வர்றது. இடுப்பளவு தண்ணியில படித்துறையைப் புடிச்சுக்கிட்டு ஒரு வாரம் இதையே பண்ணுங்க. குளிக்க வர்ற ஆச்சி சிரிக்கும். சிரிக்கட்டும்.

ரெண்டாவது, பார்வை. அடியைப் பாருங்க, அக்கரையைப் பாக்காதீங்க. கால் தானா மேல வரும். காலால பட்டாசு வெடிக்க வேண்டாம். நீண்ட தூரத்துல கால் உங்களைத் தள்ளுறது ரொம்பக் கொஞ்சம், அதுக்குத் தின்னுற காத்து ரொம்ப அதிகம். இடுப்புலேர்ந்து சின்னதா ஒரு அசைவு போதும். அந்தக் காலை வச்சுத்தான் இன்னும் 90 கிலோமீட்டர் மிதிக்கணும், ஞாபகம் இருக்கட்டும்.

மூணாவது, கை. நேரா நீட்டின கையால தண்ணியைக் கீழ அழுத்தினா உடம்பு மேல கீழ ஆடும், முன்னாடி போகாது. முழங்கையை உசத்தி வச்சு, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து பின்னாடி பாக்குற மாதிரி வச்சுத் தள்ளணும். 25 மீட்டருக்கு எத்தனை கை வீசுறீங்கன்னு எண்ணுங்க. 30 வருதா? வேகத்தை மறந்துட்டு 26க்குக் கொண்டு வரப் பாருங்க.

இதெல்லாம் வந்தப்புறம்தான் கடிகாரம். 400 மீட்டர் முழு முயற்சியோட ஒரு தடவை, நல்லா ஓய்வெடுத்துட்டு 200 மீட்டர் ஒரு தடவை. 400க்கு 10:40, 200க்கு 5:00 ஆச்சுன்னு வைங்க. கழிச்சா 5:40. பாதி 2:50. ஓரளவு நீண்ட நேரம் தாக்குப்புடிக்கக்கூடிய உங்க 100 மீட்டர் வேகம் அதுதான். அதே வேகத்துல 100 மீட்டர், 20 செகண்ட் ஓய்வு, இப்படிப் பத்து தடவை. ஞாயித்துக்கிழமை ஒரே மூச்சுல ரெண்டு கிலோமீட்டர் தத்தளிச்சா, தத்தளிக்கிறதுதான் நல்லாப் பழகும். அதை விட வாரம் மூணு நாள் அரை அரை மணி நேரம் மேல். 3:20லேர்ந்து 2:50க்கு வந்தா 1900 மீட்டர்ல ஒன்பதரை நிமிஷம் மிச்சம். சைக்கிள்ல அந்த ஒன்பதரை நிமிஷத்தைக் குறைக்க எத்தனை மாசம் மிதிக்கணும்னு நீங்களே சொல்லுங்க.

"ஐம்பது மீட்டர் நீச்சல் குளத்துக்கு நான் எங்கே போவேன்?" பழகின குளம், உங்க கழுத்துக்கு மேல போகாத ஓரம், கரையில 25 மீட்டர் டேப் வச்சு அளந்து நட்ட ரெண்டு மூங்கில், படித்துறையில உக்கார ஒரு ஆள். இந்தக் கடைசி சாமான் ரொம்ப முக்கியம். தனியா எறங்காதீங்க. மேட்டூர் தண்ணி வந்து குளம் ரொம்புற மாசங்கள்ல இதுக்கு மேல ஒண்ணும் தேவையில்லை.

கடைக்காரங்க உங்களை விட மாட்டாங்கதான். வெளிநாட்டு வீடியோவைப் பாத்துட்டு வெட்சூட்டுக்கு ஆர்டர் போடுற புண்ணியவான்களே, அயர்ன்மேன் விதிப்படி நம்மள மாதிரி சாதாரண போட்டியாளர்கள் வெட்சூட் போட தண்ணி 24.5 டிகிரிக்கு மேல இருக்கக் கூடாது. எங்க கடல் அதை விட சூடு. 2019ல 70.3 போட்டி முதல் தடவை நடந்த கோவா கடலும் அப்படித்தான். வெள்ளைக்காரனுக்கு அந்த ரப்பர் உடுப்பு காலைத் தூக்கிக் கொடுக்குது. அதாவது அவனோட சுரைக்குடுக்கை அது. நமக்கு அதுவும் கிடையாது. அதனால இந்த ஊர்ல படுத்து நீந்தக் கத்துக்குறது நமக்குக் கூடுதல் அவசியம். கண்ணாடி ஒண்ணு, பளிச்சுன்னு ஒரு தொப்பி, இடுப்புல கட்டி இழுத்துட்டுப் போற மிதவை ஒண்ணு. போதும்.

கடல் பயிற்சிக்கு முகத்துவாரம் பக்கம் போகாதீங்க. அரசலாறு கடல்ல சேர்ற இடத்துல அடி இழுப்பு நம்மகிட்ட கேட்டுட்டு வராது. ஐப்பசி, கார்த்திகையில கடலை மறந்துடுங்க. எந்த நாளா இருந்தாலும் மீனவ அண்ணன் ஒருத்தர்கிட்ட கேட்டுட்டு எறங்குங்க. அவர் வேணாம்னா வேணாம். உள்ள இழுத்தா கரையைப் பாத்து மல்லுக்கட்டாம, கரைக்கு இணையா பக்கவாட்டுல போய் இழுப்பை விட்டு வெளிய வாங்க.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம்னு ஒதுக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. 1954ல யாழ்ப்பாணக் கரையிலேர்ந்து நவரத்தினசாமி பாக் ஜலசந்தியை நீந்திக் கடந்தார். 1971ல வல்வெட்டித்துறை ஆனந்தன் அதே ஜலசந்தியை நீந்தி இந்தியா வந்து, நீந்தியே திரும்பினார். அந்த மனுஷனே 1984ல ஆங்கிலக் கால்வாய் முயற்சியில உயிரை விட்டார். கடல் யாருக்கும் சலுகை தராது. 1994ல குற்றாலீசுவரன் பாக் ஜலசந்தியைக் கடந்தப்ப வயசு 12. பன்னெண்டு வயசுப் பையன் கைபலத்துலயா கடலைத் தாண்டியிருப்பான்? இந்தப் பேரெல்லாம் நம்ம கடலோட பேரு. நம்ம ஆளுங்க வாயில ஹவாய் மட்டும்தான் வருது.

கடைசியா, எனக்கு நிஜமாவே வயித்தெரிச்சல் தர்ற ஒண்ணு. 2004 டிசம்பர் 26க்கு அப்புறம் எங்க பக்கம் பல வீடுகள்ல புள்ளைங்களைத் தண்ணிப் பக்கமே விடலை. அந்த பயத்தைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா கடல்கிட்டயே குடியிருந்துக்கிட்டு நீச்சல் தெரியாம ஒரு தலைமுறை வளர்ந்தாச்சு. அதுல சிலர் இப்ப முப்பதை நெருங்கி, ஓடி, சைக்கிள் மிதிச்சு, ஆசையா நம்மகிட்ட வந்து "அண்ணே, நீச்சலுக்கு என்ன பண்ணலாம்?"னு கேக்குறாங்க. அவங்ககிட்ட போய் "ரெண்டு பர்சென்ட்தான் தம்பி, சமாளிச்சிடலாம்"னு சொல்றது அறிவுரை இல்லை, துரோகம். குடுக்கையைக் கட்டிவிட்ட மாமா கூட, நாம கரையேறுற வரைக்கும் படித்துறையிலேயேதான் நின்னார். நீங்களும் சொல்லிட்டுப் போயிடாம, கூட எறங்கி நில்லுங்க.

டிஸ்கி: "எங்க தாத்தா தலையைத் தூக்கிக்கிட்டே அஞ்சு மைல் போவாரு"ன்னு வரப்போற பின்னூட்டத்துக்கு இப்பவே பதில். தாத்தாவுக்கு என் வணக்கம். அவர் கரையேறினப்புறம் 90 கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க :-)