பம்பின் மீது ஏன் பழி?

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஓடும் பழைய ஜீப்புகளில் பவர் ஸ்டியரிங் ஒரு பக்கம் இலகுவாகவும் மறுபக்கம் கனமாகவும் திரும்பினால், பழி முதலில் பம்பின் மீதுதான் விழுகிறது. இது பிழையான வைத்தியம் என்பேன்.

இடத்துக்கும் வலத்துக்கும் எண்ணெயை அழுத்தி அனுப்புவது ஒரே பம்ப். அது தளர்ந்தால் இரு பக்கமும் கனக்க வேண்டும். பெல்ட் வழுக்கினாலும் எண்ணெய் குறைந்தாலும் அப்படியே. ஒரு பக்கம் மட்டும் கனத்தால், எண்ணெயைத் திசை பிரித்துவிடும் வால்வையோ ஸ்டியரிங் பெட்டியின் உட்புறச் சீல்களையோதான் சந்தேகிக்க வேண்டும். அதற்கு முன் முன்டயர்களின் காற்றைப் பார்த்துவிடுங்கள். செலவில்லாத சோதனை அது. பிறகு முன்சக்கரங்களை உயர்த்தி, தாங்கி வைத்து, எஞ்சினை இயக்குங்கள். தொடாமலே சக்கரம் ஒரு பக்கம் திரும்பினால் வால்வு நடுநிலையில் இல்லை.

ஒரு சுற்றுக்கு இருமுறை இறுகித் தளர்ந்தால் கதையே வேறு. ஸ்டியரிங் தண்டிலுள்ள யுனிவர்சல் ஜொயின்ட் இறுகியிருக்கக்கூடும். எஞ்சினுக்கு அருகே திறந்தபடி கிடக்கும் அந்தச் சிறு மூட்டைக் கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்றும் சேற்றுநீரும் விட்டுவைப்பதில்லை.

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. புதியது வாங்க வசதியற்றவர்கள் பழையதையே ஓட்டுகிறார்கள். ஹபரணை வீதியில் இரவில் யானை குறுக்கிட்டால், ஸ்டியரிங் இரு பக்கமும் ஒரேபோல் திரும்பியாக வேண்டும். பம்புக்குப் பணம் கொடுக்குமுன் அந்த மூட்டைக் காட்டும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.