சென்னைச் செலவு

கோடை விடுமுறையும் கிறிஸ்துமஸ் விடுமுறையும் அணுகுந்தோறும் எம் தென்பாண்டி நாட்டு இல்லங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். "இம்முறை எல்லாரும் சென்னைக்குப் போய் வருவோம்" என்பதே அது. பேச்செழுந்த அன்றிரவே தாளும் எழுதுகோலும் வெளிப்படும். தந்தையார் இடங்களை எண்ணத் தொடங்குவார். சிறுவர் அவற்றைப் பெருக்கத் தொடங்குவர். கடற்கரை, கோட்டை, கோயில், காட்சிச்சாலை, முதலைப்பண்ணை, மாமல்லபுரம் என்று நீண்டு, இருபதைத் தொட்ட பின்னரே அத்தாள் மடிக்கப்படும். பின்னர் ஒரு வேன் பேசப்படும். ஒரு வேனுக்குப் பன்னிருவர். பன்னிருவர்க்கும் இரண்டு நாள். இரண்டு நாட்கு இருபது இடம். இக்கணக்கையே யாம் ஈண்டு மறுக்கப் புகுந்தனம்.

'செலவு' என்னுஞ் சொல் பண்டை இலக்கியங்களில் வழிச் செல்லுதலைக் குறித்து நின்றது. இந்நாளிலோ பணம் கையைவிட்டுச் செல்லுதலையே பெரிதும் குறிக்கின்றது. சென்னை காணச் செல்வார்க்கு இரு பொருளும் ஒருங்கே விளங்கும். ஆயினும் யாம் வருந்துவது பணச் செலவு பற்றியன்று. குடும்பத்தார் அனைவரும் ஓய்ந்திருக்கும் நாட்கள் ஓராண்டில் மிகச் சில. அவற்றையும் வண்டியின் கண்ணாடிக்குள் அடைத்துத் தொலைப்பது பற்றியே வருந்துகின்றோம்.

எம் தெருவில் ஆச்சி ஒருவர் உளர். எழுபதைக் கடந்தவர், சென்னை காணவேண்டுமென்று நாற்பதாண்டு அவாவியிருந்தவர். சென்ற கோடையில் மக்களும் பேரரும் அவரை அன்போடு அழைத்துச் சென்று, ஒரே நாளிற் பதினோரிடங் காட்டி மீட்டுக் கொணர்ந்தனர். "ஆச்சி, பட்டணம் எப்படி இருந்தது?" என்று யாம் வினவியபோது, "எங்களுக்கு முன்னால ஒரு லாரி போச்சு ஐயா, அதுல எழுதியிருந்தது பூராவும் வாசிச்சிட்டேன்" என்றார். வேனினின்று இறங்கவும் மீண்டும் ஏறவும் அவர் முழங்கால்கள் ஐந்து முறைதான் இடங்கொடுத்தனவாம். அதன்பின் அவர் வண்டியிலேயே இருந்துவிட்டார். பதினோரிடங் கண்டவர் ஏனையோர். எவர்பொருட்டு அப்பயணம் எழுந்ததோ அவர் கண்டது ஐந்தே. ஆச்சி இதனைக் குறையாகக் கூறவில்லை, யாமே கூறுகின்றோம்.

இத்துன்பத்திற்கு வண்டியோட்டியை நொந்து பயனில்லை. சென்னை கிழக்கே கடலால் தடுக்கப்பட்ட ஊர். ஆதலின் அது வடக்குந் தெற்குமாக நீண்டும் மேற்கு நோக்கிப் பரந்துமே வளர்ந்தது. கூவமும் அடையாறும் மேற்கினின்று வந்து ஊரைக் குறுக்கே அறுத்துக் கடல் சேர்கின்றன. பக்கிங்காம் கால்வாய் நெடுக்கே கிடக்கின்றது. வடக்கினின்று தெற்கே செல்வார் யாவரும் சில பாலங்களின் வாயிலில் வந்து கூடியே தீரவேண்டும். அலுவலகஞ் செல்வாரும் பள்ளி செல்வாரும் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் அங்கே கூடுகின்றனர். சுற்றுலா வந்தாரும் அதே பொழுதில் அதே பாலத்திற்கு வந்து சேர்கின்றனர். போதாக்குறைக்கு மெட்ரோ ரயிலின் இரண்டாங் கட்டப் பணி சில ஆண்டுகளாகப் பெருஞ்சாலைகள் பலவற்றை நெருக்கி மாற்றுவழிகளை உண்டாக்கியுள்ளது. இரவு பத்து மணிக்கு வீட்டுத் திண்ணையிலமர்ந்து கைப்பேசியின் நிலப்படத்தைப் பார்ப்பார்க்கு இருபது நிமிடமெனத் தோன்றும் வழி, மறுநாள் மாலை ஆறு மணிக்கு ஒரு மணி நேரமாகிவிடும். தாளில் இடங்களை எழுதுவார் பலர். இடத்திற்கும் இடத்திற்கும் நடுவே கழியும் பொழுதை எழுதுவார் அரியர்.

ஆகவே எம் கருத்து இது: இடங்களை எண்ணுதலை விடுத்துப் பகுதிகளை எண்ணவேண்டும். ஒரு முற்பகலுக்கு ஒரு பகுதி. ஒரு பிற்பகலுக்கு மற்றொன்று, அதுவும் இயலுமாயின். பகுதியினின்று பகுதிக்கு ரயிலிற் செல்க. பகுதிக்குள் நடந்தோ ஆட்டோவிலோ செல்க. சென்னைக்கு ரயில் புதிதன்று. கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931ஆம் ஆண்டிலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. கால்வாயின் ஓரமாய் உயர்ந்த தூண்களின்மேற் செல்லும் பறக்கும் ரயில் 1995இல் சேப்பாக்கம் வரையிலும், 1997இல் திருமயிலை வரையிலும், 2007இல் வேளச்சேரி வரையிலும் வந்தது. மெட்ரோ ரயில் 2015இல் ஓடத் தொடங்கி, இன்று விமான நிலையத்தையும் சென்ட்ரலையும் எழும்பூரையும் இணைக்கின்றது. இம்மூன்றுக்கும் முன்னால் நிற்கும் லாரி இல்லை. படிகள் பல என்பார் உளர். மெய்யே, பறக்கும் ரயில் நிலையங்கள் சிலவற்றிற் படி மிகுதி. முதியோர் இருப்பின் அவருக்கென ஒரு வண்டி அமர்த்தி, இளையோர் ரயிலில் வந்து அவரைச் சேர்தல் தகும். பன்னிருவரும் ஒரே வண்டியில் இருந்தே தீரவேண்டும் என்னும் விதியை எவர் வகுத்தனரோ அறியோம்.

பகுதி என்பதனை ஒரு காலைப்பொழுதால் விளக்குவோம். மெரினாக் கடற்கரைக்கு மாலையில் செல்வதே மரபாகிவிட்டது. கதிரவன் கடலில் மூழ்குவதைக் காணலாமென்று எண்ணி வருவாருங்கூட உளர். கடல் கிழக்கிலிருக்க அவன் மேற்கே வீடுகளின் பின்னே மறைவான். கடலிலிருந்து அவன் எழுவதைக் காணவேண்டுமாயின் விடியலில் ஆறு மணிக்கு முன்னரே அங்கிருத்தல் வேண்டும். அப்போது சாலையில் நெருக்கம் இல்லை, மணல் சுடுவதில்லை, ஆச்சிமார் அமர இடமும் உண்டு. இக்கடற்கரைக்கு மெரினா எனப் பெயரிட்டு உலாச்சாலை அமைத்தவர் 1881 முதல் 1886 வரை ஆளுநராயிருந்த கிராண்ட் டஃப் துரை என்பதைச் சிறுவர்க்குச் சொல்லலாம். அதனினும் சொல்லத்தக்கவை அங்கு நிற்கும் சிலைகள். 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது வள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார் முதலியோர்க்கு அங்கே சிலைகள் நிறுவப்பெற்றன. அவர் வரிசையிலேயே வீரமாமுனிவரும் போப்பும் கால்டுவெல்லும் நிற்கின்றனர். கால்டுவெல் 1838இற் சென்னையில் வந்திறங்கி, 1841இல் பெரும்பாலும் கால்நடையாகவே எம் இடையன்குடி வந்து சேர்ந்தவர். சென்னையினின்று இடையன்குடிக்கு நடந்தவரை, இடையன்குடியினின்று சென்னைக்கு வந்த நாம் ஓடும் வேனின் சாளரத்தால் இரண்டு நொடி பார்த்துவிட்டு மீளுகின்றோம். சிலையின் அடியில் நின்று அவர் யாவர் என்று தங்கை வினவ அண்ணன் விடை கூறுதற்குப் பத்து நிமிடம் வேண்டாவோ?

சாலையின் மறுபுறத்தே பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம், மாநிலக் கல்லூரி, அப்பால் விவேகானந்தர் இல்லம். இவ்வில்லம் 1842இல் பனிக்கட்டி சேமித்தற்கெனக் கட்டப்பெற்றது. அமெரிக்க நாட்டு ஏரிகளில் உறைந்த பனியைக் கப்பலேற்றி இங்கே கொணர்ந்து விற்றனர். ஐஸ்ஹவுஸ் என்னும் பெயர் அதனால் வந்தது. 1897இல் விவேகானந்தர் அங்குத் தங்கினார். கடல் கடந்து பனிக்கட்டி வந்த கதையைக் கேட்ட சிறுவன் பின்னர் வெயிலைப் பற்றி முறையிடான். அங்கிருந்து உள்ளே திரும்பின் திருவல்லிக்கேணி. பார்த்தசாரதி கோயிலும், அதன் அருகே பாரதியார் வாழ்ந்த இல்லமும், 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலும் சிறுதொலைவிலேயே உள்ளன. காலைச் சிற்றுண்டியும் அத்தெருக்களில் நன்று. பத்து மணிக்கு ஊர் விழித்துச் சாலைகள் நிறையும்போது, நம் குடும்பம் கண்டன கண்டு விடுதி திரும்பியிருக்கும்.

மயிலாப்பூருக்கு மாலை ஏற்றது. கபாலீசுவரர் கோயில் நண்பகலில் நடைசாத்தி மாலையிலேயே திறக்கப்படும். இதனை அறியாது ஒரு மணிக்குச் சென்று மதிலைக் கண்டு மீண்டார் பலர். கோயிலினின்று சாந்தோம் பேராலயம் சிறிது தொலைவே. இன்று காணும் உயர்ந்த வெள்ளைக் கட்டடம் 1896இல் நிறைவுற்றது. தோமையாரின் கல்லறை அதன் அடியில் உள்ளது. லஸ் கோயிலோ 1516ஆம் ஆண்டினது. எம் குடும்பங்கள் சாந்தோமை மட்டுங் கண்டு மயிலையைக் காணாது வருதலும், பிறர் மயிலையைக் கண்டு சாந்தோமைக் காணாது வருதலும் நன்றாகத் தோன்றவில்லை. கலங்கரை விளக்கமும் இப்பகுதியதே. அது 2013இல் மக்கட்கு மீண்டும் திறக்கப்பெற்றது. ஏறுதற்கு மின்தூக்கி இருத்தலின் முழங்கால் நோவுடையாரும் மேலிருந்து கடலையும் ஊரையும் ஒருங்கே காணலாம். திங்கட்கிழமை விடுமுறை.

கோட்டையைக் காண ஒரு முற்பகல் போதும். தலைமைச் செயலகம் உள்ளிருத்தலின் வாயிலிற் சோதனை உண்டு. 1680இற் கட்டிமுடிந்த தூய மரியன்னை ஆலயம் உள்ளே இருக்கின்றது. வண்டலூரும் மாமல்லபுரமும் சென்னை அல்ல; அவற்றைச் சென்னையின் தாளில் எழுதுதலே பிழை. வண்டலூர் உயிரியற் பூங்கா 602 ஹெக்டேர், செவ்வாயன்று மூடியிருக்கும். மாமல்லபுரம் ஏறத்தாழ 58 கிலோமீட்டர். அதற்குத் தனிநாள் வேண்டும், இல்லையேல் மற்றோராண்டு வேண்டும்.

"வாழ்நாளில் ஒரு முறை வருவார் எல்லாவற்றையும் கண்டுதானே செல்லவேண்டும்?" என்று எம் நண்பர் ஒருவர் வாதிட்டார். அவ்வாதம் இரக்கத்திற் பிறந்தது. ஆயினும் ஒரு முறையே வருவார்க்கன்றோ அவ்வொரு முறை செவ்வையாய் அமையவேண்டும்? மேலும் 'எல்லாம்' என்பதனை வகுப்பவர் யார்? தாளைப் பிடித்திருப்பவர் பெரும்பாலும் தந்தையார் அல்லது மூத்த மகன். விடியுமுன் எழுந்து பன்னிருவர்க்கும் புளிச்சோறு கட்டும் அம்மாவை எவரும் வினவுவதில்லை. கழிப்பிடம் எங்குளது என்னும் கவலையால் நாள்முழுதும் நீர் பருகாதிருக்கும் அத்தையையும் வினவுவதில்லை. அவர்களை வினவியிருந்தால் தாளில் எழுதப்படுவன வேறாயிருக்கும். 2021 முதல் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்ல அரசு வழிசெய்தது. வேன் வாடகையைக் குறைத்து அம்மிச்சத்தில் நண்பகலுக்கு ஒரு நல்ல விடுதியறையை அமர்த்துவது, பன்னிரண்டாம் இடத்தைக் காண்பதினும் மேலானது என்று அம்மாவே சொல்லியிருப்பார்.

கடலைப் பற்றி ஒன்று கூறாது விடல் இயலாது. கணுக்கால் நனைத்தல் வேறு, நீராடல் வேறு. சென்னைக் கடலில் உள்ளிழுக்கும் நீரோட்டம் வலிது. எலியட்ஸ் கடற்கரையில் ஒரு வளைவு மண்டபம் நிற்கின்றது. கடலில் மூழ்குவாரைக் காக்கப் புகுந்து 1930இல் உயிர்நீத்த டென்மார்க் நாட்டினர் கார்ல் ஷ்மிட் நினைவாக எழுப்பியது. நீந்த அறிந்தவர்க்கே அக்கதி நேர்ந்தது. தாமிரபரணியில் நீந்திப் பழகிய எம் இளைஞர் அம்மண்டபத்தை முதலிற் கண்டபின் அலையருகே செல்லட்டும்.

இறுதி நாளை எழும்பூருக்கே விட்டுவைத்தல் நலம். தெற்கே செல்லும் ரயில்கள் பல மாலையிலும் இரவிலும் அங்கிருந்து புறப்படுவன. ஊரின் மறுகோடியில் நின்றுகொண்டு ரயிலை எண்ணித் துடிக்க வேண்டியதில்லை. நிலையத்தினின்று சிறுதொலைவில் 1851இல் தோன்றிய அரசு அருங்காட்சியகம் உள்ளது. வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், ஊரினின்று புறப்படும் நாளை அதற்கேற்பக் குறித்துக்கொள்க. செப்புத் திருமேனிகளையும் அமராவதிச் சிற்பங்களையும் யாவரும் புகழ்வர். எம் பக்கத்தார் வினவிக் காணவேண்டியது வேறொன்று. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த இரும்புக் கருவிகளும் மட்கலங்களும் பொற்பட்டங்களும் அவ்வருங்காட்சியகத்திற்கே சென்று சேர்ந்தன. பாளையங்கோட்டையினின்று திருச்செந்தூர் செல்லும் பேருந்தில் அவ்வூரை நூறு முறை கடந்த எம் ஆச்சி, அங்ஙனம் கடந்தது இன்னதென்று அறிய அறுநூறு கிலோமீட்டர் சென்று, அதன் வாயிலில் வேனிலேயே அமர்ந்திருந்தார்.