மண்ணெண்ணெய் வைத்தியம்

உங்கள் தெருவில் புது ரோடு போட்டபோது என்ன கேட்டீர்கள்? 'எப்போ சார் முடியும்? வண்டியை எங்கே விடறது? ஒரு மழைக்காவது தாங்குமா?' எல்லாம் நியாயமான கேள்விகள்தான். தார் ஊற்றுகிறவரின் காலில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா?

பெரும்பாலும் கோணிச் சாக்கு. அதைச் சுற்றி ஒரு சணல் கயிறு. அவ்வளவுதான் பாதுகாப்பு. அவர் ஊற்றுகிற தாரின் சூடு சுமார் 150 டிகிரி. கொதிக்கிற தண்ணீரே 100 டிகிரிதான். தண்ணீராவது பட்டவுடன் வழிந்து ஓடிவிடும். தார் ஓடாது. தோலோடு ஒட்டிக்கொண்டு, ஆறுகிற வரைக்கும் சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும்.

பட்டுவிட்டால் என்ன செய்வார்கள்? 'ஏய், மண்ணெண்ணெய் கொண்டாப்பா!' இதுதான் நம் ஊர் ரோடு வேலையில் முதலுதவி. கை கழுவுவதும் அதில்தான், காயம் கழுவுவதும் அதில்தான். மண்ணெண்ணெயில் தார் கரையும், உண்மைதான். இரண்டுமே கச்சா எண்ணெயிலிருந்து வந்தவை. ஆனால், வெந்த தோலில் மண்ணெண்ணெய் தன் பங்குக்கு இன்னொரு புண்ணை உண்டாக்கும். காயம் வழியாக உடம்புக்குள்ளும் இறங்கும். பக்கத்திலேயே தார் டிரம்முக்கு அடியில் விறகு எரிகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பெட்ரோல், தின்னர், டர்பன்டைன் எல்லாம் இதே கதைதான்.

இன்னொரு கொடுமை, பிய்த்து எடுப்பது. 'கறுப்பா ஒட்டியிருக்கே, உள்ளே விஷம் ஏறிடாதா?' என்று பதறி இழுக்கிறார்கள். தாரோடு தோலும் முடியும் சேர்ந்து வரும். மேலாக வெந்த காயம் ஆழமான காயமாகிவிடும். ஆறிய தாரால் அவசர ஆபத்து எதுவும் இல்லை. அது அப்படியே இருக்கலாம். அவசரம் சூட்டைத் தணிப்பதில்தான்.

ஆகவே, உடனே தண்ணீர். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ் வேண்டாம். சூடு இறங்கும் முன் எண்ணெயும் வேண்டாம். தாரில் ஒட்டாத மோதிரம், மெட்டி, கொலுசு இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். சுத்தமான துணியால் மூடி, 108-க்குப் போன் போடுங்கள். கண்ணில் பட்டிருந்தாலோ, விரலையோ காலையோ வளையம் போலச் சுற்றி இறுகியிருந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. வளையமாக இறுகிய தார் ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடலாம்.

மீதி வேலை நர்ஸம்மாவுடையது. அதற்குத் தேவை அமெரிக்க மருந்து இல்லை. வாசலைன், லிக்விட் பாரஃபின், சூரியகாந்தி எண்ணெய் மாதிரி சாதாரண விஷயங்கள் போதும். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் வெண்ணெயையும் மயோனைஸையும்கூடப் பூசி எடுத்திருக்கிறார்கள். தடவி, துணி வைத்து மூடி, ஊறவிட்டு, மெதுவாகத் துடைத்து, மறுபடி தடவ வேண்டும். சில மணி நேரமும் ஆகலாம், ஒன்றிரண்டு நாளும் ஆகலாம். இதற்கு வேண்டியது பொறுமை. கூட்டம் அலைமோதும் வார்டில் ஒரே நர்ஸை விட்டுவிட்டு, அந்தப் பொறுமையை எங்கிருந்து எதிர்பார்க்கிறோம்?

சட்டம் இல்லையா? இருந்தது. ரோடு வேலையையும் சேர்த்துத்தான் 1996-ல் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் வந்தது. கட்டுமானச் செலவில் குறைந்தது 1 சதவிகிதத்தை அவர்கள் நலனுக்காகப் பிடிக்க அதே ஆண்டு இன்னொரு சட்டம். 2020-ல் புதுத் தொகுப்புச் சட்டமும் நிறைவேறியது. காகிதத்தில் காலணி மாறிக்கொண்டே இருக்கிறது. காலில் கோணிதான்.

'பூட்ஸ் கொடுத்தா போட்டுக்க மாட்டேங்கறாங்க சார்' என்பார்கள் காண்ட்ராக்டர்கள். அளவு பார்த்து, வேலைக்கு ஏற்ற பூட்ஸ் கொடுத்தீர்களா? போடாவிட்டால் வேலை நிற்கும் என்று சொன்னீர்களா? ஹெல்மெட்டையே ஃபைன் போட்ட பிறகுதானே நாம் மாட்டினோம்? கூலிக்காரருக்கு மட்டும் அந்த அக்கறை தானாக வர வேண்டுமா?

பிளாஸ்டிக் ரோடு கண்டுபிடித்த மதுரைப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவனுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெருமைதான். ரோட்டுக்குள் என்ன போடலாம் என்று இவ்வளவு யோசித்த ஊர், ரோடு போடுகிறவர் காலில் என்ன போடலாம் என்று யோசிக்கக் கூடாதா? ஜல்லி எத்தனை, தார் எத்தனை என்று எழுதுகிற டெண்டரில் பூட்ஸ், கையுறை, ஒரு டிரம் நல்ல தண்ணீர் என்று மூன்று வரி சேர்த்து, அவை வந்து சேர்ந்தால்தான் பில் பாஸாகும் என்று வைத்தால் போதும்.

அதுவரை ஒரு வேலை உங்களுக்கு இருக்கிறது. அடுத்த முறை தெருவில் தார் டிரம் புகைந்தால், கேட்டைத் திறந்து உங்கள் வீட்டுக் குழாயைக் காட்டுங்கள். 'ஏதாவது பட்டுச்சுன்னா இங்கே ஓடி வாங்க, மண்ணெண்ணெய் மட்டும் ஊத்தாதீங்க' என்று சொல்லிவையுங்கள்.