இடம் மாறினாலும்…



கால்பந்தாட்டத்தில் தற்காப்பு ஆட்டக்காரரின் வேலை கோல் அடிப்பதல்ல, கோல் விழாமல் காப்பதே. 1947 பிரிவினையில் பிறந்த மண்ணை இழந்து, பின்பு கல்கத்தாவின் மோகன் பகான் அணியில் புகழ்பெற்ற ஜர்னைல் சிங் அத்தகைய காவலர்.

1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில், தாய்லாந்துடன் ஆடுகையில் அவருடைய தலையில் காயமேற்பட்டுத் தையல் போடப்பட்டது. இனி அவரால் பழைய இடத்தில் ஆட இயலாது. ஆனால் பயிற்சியாளரான நம் ஐதராபாத் சையத் அப்துல் ரஹீம் அவரை ஒதுக்கிவிடவில்லை, முன்வரிசையில் நிறுத்தினார். ஜர்னைல் முறுமுறுக்கவில்லை. அரையிறுதியில் ஒரு கோல் அடித்தார். செப்டம்பர் 4-இல் தென்கொரியாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் மற்றொன்று. 2-1 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது.

பிழைப்புக்காக இந்நகருக்கு வந்த நம்மில் பலருக்குக் கற்ற தொழில் ஒன்று, கிடைத்த வேலை வேறொன்று. ஊர்ச்சபையில் பிரசங்கித்தவர் இங்கே பாய் விரிக்கிறார். "ஏன் ஆண்டவரே இந்த இடம்?" என்று உள்ளம் கலங்குகிறதா? யோசேப்புக்குச் சிறைச்சாலையும் ஊழியக்களமாயிற்றே! நம்மை நிறுத்துகிறவர் நம் காயத்தையும் அறிவார்; களத்தையும் அறிவார். அவர் நிறுத்திய இடத்தில் உண்மையாய் நிற்போமாக. ஆமென்.