மாத்திரைக்கும் பொருத்தம் பார்க்கிறார்கள்!

கல்யாணத்துக்குத்தான் பொருத்தம் பார்ப்பார்கள் என்று நினைத்தீர்களா? மூலிகை மாத்திரைக்கும் உண்டு! மூலிகைச் சத்துத் தூள் மட்டும் உருண்டு மாத்திரையாகிவிடாது. மாவு, பால் சர்க்கரை என்று துணைச் சரக்குகள் வேண்டும். ஒத்துப்போகுமா? சத்தோடு ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியே கலந்து, 40 டிகிரி சூடும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள பெட்டியில் வாரக்கணக்கில் வைத்துப் பார்க்கிறார்கள். நைட்ரஜன் உள்ள சில சத்துக்கள் பால் சர்க்கரையோடு சேர்ந்தால் பழுப்பேறும். பாலைச் சுண்டக் காய்ச்சினால் நிறம் மாறுகிறதே, அதே ரசாயனந்தான்! சில கலவைகள் மழைக்கால வெல்லம் மாதிரி கசியும். கண்ணுக்குத் தெரியாமலே வீரியம் குறைவதும் உண்டு. அதைக் கருவி வைத்து அளக்கிறார்கள்.

இவ்வளவு பாடுபட்ட மாத்திரையை நாம் வெள்ளிச் செப்புக்கு மாற்றிவிட்டு, சீசாவிலிருந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் குப்பையில் போடுகிறோமே! இரண்டும் சீசாவிலேயே இருக்கட்டும், அம்மணி.