பெயரற்ற பொத்தான்

தில்லியின் பல்கலைக்கழக வளாகங்களில் தாளில் நடக்கும் பணிகள் அருகிவிட்டன. சேர்க்கை விண்ணப்பம், கட்டணம், உதவித்தொகை, நூலகப் பட்டியல், ஆய்வேட்டுச் சமர்ப்பிப்பு அனைத்தும் திரைக்கு வந்துவிட்டன. பார்வையற்ற ஆய்வு மாணவர் ஒருவர் அத்தகைய படிவமொன்றின் இறுதிக்கு வருவதாகக் கொள்க. தாவல் விசையை அழுத்துகிறார். திரைவாசிப்பான் "பொத்தான்" என்கிறது. மீண்டும் அழுத்துகிறார், மீண்டும் "பொத்தான்". ஒன்று படிவத்தை அனுப்பும், மற்றொன்று நிரப்பியவை அனைத்தையும் அழிக்கும். எது எதுவென்று அறிய அவருக்கு வழியில்லை. தம் கடவுச்சொல்லையும் வங்கி விவரத்தையும் அடுத்த இருக்கைக்காரரிடம் ஒப்படைத்து, அவர் கண்ணைக் கடன் வாங்க வேண்டியதாகிறது.

இதைத் திரைவாசிப்பானின் குறை என்று கருதுவது பரவலான பிழை. திரைவாசிப்பான் என்னும் பெயரே அப்பிழைக்கு ஒரு காரணம். அது திரையை வாசிப்பதில்லை. திரையில் இருப்பவை வெறும் வண்ணப் புள்ளிகள். திரைவாசிப்பான் வாசிப்பது, பிற மென்பொருள்கள் தம்மைப் பற்றித் தாமே கூறிக்கொள்பவற்றைத்தான். கூறாத மென்பொருளை அதனால் வாசிக்க இயலாது.

இக்கூற்று நிகழும் முறையை லினக்சு இயங்குதளத்தில் தெளிவாகக் காணலாம். அங்கே டி-பஸ் என்னும் செய்திப் பாட்டை உண்டு. 2002ஆம் ஆண்டையொட்டி உருவாகத் தொடங்கி, 2006இல் முதல் நிலைபெற்ற பதிப்பை எட்டிய அமைப்பு அது. ஒரே கணினியில் தனித்தனியே இயங்கும் மென்பொருள்கள், ஒன்றன் நினைவகத்துள் மற்றொன்று நுழையாமலே பேசிக்கொள்ள அது வழி செய்கிறது. பாட்டையில் இணையும் மென்பொருள், தன்னுள் இருக்கும் நிரற்பொருள்களில் தான் விரும்புபவற்றை முகவரியிட்டு வெளிப்படுத்துகிறது. பிற மென்பொருள்கள் அம்முகவரிக்குச் செய்தி அனுப்பி அப்பொருளின் பண்புகளைக் கேட்கலாம், அதன் செயல்களை இயக்கலாம். அதில் மாற்றம் நிகழும்போது எழும் குறிகையைச் செவிமடுக்கவும் செய்யலாம்.

அணுகல்தன்மைக்கான அமைப்பும் இப்பாட்டையின்மீதே நிற்கிறது. முதலில் கோர்பா என்னும் பழைய முறையைச் சார்ந்திருந்த அது, 2011இல் வந்த மூன்றாம் கினோம் பதிப்பின் காலத்தில் டி-பஸ்ஸுக்கு மாறியது. செய்திகளின் பெருக்கம் கருதி அதற்கெனத் தனிப் பாட்டையே ஒதுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு மென்பொருளும் தன் சாளரம், பட்டியல், பெட்டி, பொத்தான் ஆகியவற்றை ஒரு மரம்போல் அடுக்கி அதில் வெளிப்படுத்துகிறது. ஓர்க்கா என்னும் திரைவாசிப்பான் அம்மரத்தின் ஒவ்வொரு கிளையிடமும் மூன்று கேள்விகள் கேட்கிறது: உன் பெயர் என்ன? நீ எவ்வகை? இப்போது எந்நிலையில் இருக்கிறாய்? "சமர்ப்பி, பொத்தான், செயல்படாநிலை" என்று விடை வந்தால் அது குரலாகிறது. பெயர் என்ற இடம் வெற்றாக இருந்தால் "பொத்தான்" மட்டுமே எஞ்சுகிறது. விண்டோசிலும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் இதே கேள்விகளைத்தான் கேட்கின்றன. அங்கே பாட்டையின் அமைப்பு மட்டும் வேறு.

ஆகவே, அணுகல்தன்மை என்பது பயனரின் கணினியில் பின்னர் நிறுவப்படும் துணைக்கருவி அன்று. அது மென்பொருளை எழுதியவர் எடுத்த, அல்லது எடுக்கத் தவறிய, ஒரு முடிவு. ஜிடிகே, க்யூட்டி போன்ற கட்டற்ற கருவித்தொகுதிகளின் வழக்கமான பொத்தானைப் பயன்படுத்தினால் வகையும் நிலையும் தாமாகவே பாட்டைக்குச் சென்றுவிடும். பொத்தானின்மேல் சொல் இருந்தால் அதுவே பெயராகிவிடும். சொல்லுக்குப் பதில் படக்குறி இருந்தால், நிரலர் ஒரு வரி எழுதிப் பெயரிட வேண்டும். அழகு கருதிப் பொத்தானை வெற்றுத் திரைப்பரப்பில் தாமே வரைந்துகொண்டால் அனைத்தையும் தாமே அறிவிக்க வேண்டும். தடைகள் பல இந்த ஒரு வரி எழுதப்படாமையால் எழுபவை.

சட்டம் இதைக் காணாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தை அணுகுவதற்குத் தனிப் பிரிவே வகுத்துள்ளது. தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியத் தர நிர்ணய அமைவனம், ஐரோப்பியத் தரத்தை அடியொற்றி ஐஎஸ் 17802 என்னும் தரத்தை 2021, 2022ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் நெறிகள் வெறும் பரிந்துரைகளாக இருத்தல் சட்டத்தின் நோக்கத்திற்கு முரண் என்று கண்டு, கட்டாய விதிகளை வகுக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், எண்ணிம அணுகலை அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் பகுதியாகவே அது ஏற்றது. குடிமைப் பணித் தேர்வுகளில் திரைவாசிப்பானை அனுமதிக்கக் கொள்கையளவில் முடிவு செய்திருப்பதாக ஒன்றியப் பணியாளர் தேர்வாணையமும் 2025இல் அந்நீதிமன்றத்திடம் தெரிவித்தது.

ஆனால் திரைவாசிப்பானை அனுமதிப்பதும், திரைவாசிப்பானிடம் பேசும் மென்பொருளை வாங்குவதும் ஒன்றல்ல. செவியுள்ளவரை அவைக்குள் விட்டுவிட்டு, பேச வேண்டியவர் வாய்மூடி இருந்தால் கேட்டவருக்குப் பயன் என்ன? வளாகங்கள் பல நல்லெண்ணத்தோடு கேட்கும் பக்கத்திற்கே செலவிடுகின்றன: திரைவாசிப்பான் நிறுவிய கணினிகள், தனி அறை, உதவியாளர். அவை தேவையே. ஆயின், அதே நிறுவனம் வாங்கும் தேர்வு மென்பொருளும் வருகைப்பதிவு மென்பொருளும் பாட்டையில் ஊமையாக இருக்குமாயின், அத்தனிஅறைக் கணினியும் "பொத்தான்", "பொத்தான்" என்றே கூறும்.

இவ்விடத்தில் எழும் மறுப்பு ஒன்று மதிக்கத்தக்கது. தன் உள்ளுறுப்புகளைப் பிறர் கேட்கவும் இயக்கவும் விடும் மென்பொருள், தீய மென்பொருளுக்கும் கதவைத் திறக்கிறது. பிற நிரல்கள் அனைத்தையும் முடக்கிவிட்டு இயங்கும் தேர்வு மென்பொருள்கள் இவ்வச்சத்தால்தான் திரைவாசிப்பானையும் சேர்த்து முடக்குகின்றன. ஒரே பயனரின் நிரல்கள் ஒன்றையொன்று எளிதில் நம்பிவிடும் பழைய வடிவமைப்பில் இவ்வச்சத்திற்கு இடமுண்டு என்பது உண்மை. எனினும் வெளிப்படுத்துதல் என்பது அனைத்தையும் அனைவருக்கும் திறந்துவிடுதல் அன்று. கடவுச்சொற் பெட்டி, தான் இன்ன பெட்டி என்பதை அறிவித்துவிட்டு, உள்ளிருக்கும் எழுத்துகளைப் புள்ளிகளாகவே தரலாம். எந்நிரல் பாட்டையில் எப்பெயரோடு பேசலாம் என்று விதி வகுக்கவும், இடையே நின்று செய்திகளை வடிகட்டவும் வழிகள் ஏற்கெனவே உள்ளன. தேர்வுக்கூடக் கணினியிலோ எவை இயங்க வேண்டும் என்பதே நடத்துபவர் கையில் இருக்கிறது. ஒப்புதல் பெற்ற ஒரு திரைவாசிப்பானுக்கு மட்டும் வழி விடுவது அங்கே இயலாத செயல் அன்று. பூட்டப்பட்ட கதவுக்குத் திறவுகோல் செய்யலாம். சுவராகவே எழுப்பிவிட்டால் திறவுகோலுக்குப் பொருளில்லை.

எனவே பல்கலைக்கழகங்கள் செய்யத்தக்கது பெருஞ்செலவு பிடிப்பதன்று. முதலாவது, ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே ஐஎஸ் 17802இன்படியான இணக்கத்தைக் கட்டாயமாக்கி, அதற்கான சோதனை அறிக்கையைக் கேட்டல். இரண்டாவது, பணம் கொடுக்கும் முன் நேரடிச் சோதனை: திரையை அணைத்துவிட்டு, சுட்டியைத் தொடாமல், திரைவாசிப்பானைக் கொண்டு ஒரு படிவத்தை முதலிலிருந்து முடிவு வரை நிரப்பி அனுப்புதல். பார்வையற்ற பயனர்களே ஊதியம் பெற்று இச்சோதனையை நடத்துதல் நன்று. மூன்றாவது, கணினித்துறைப் பாடத்திட்டத்தில் திருத்தம். பொருள்நோக்கு நிரலாக்கத்தைக் கற்பிக்கும் வகுப்பில் வங்கிக் கணக்கும் வாகனமுமே காலங்காலமாக எடுத்துக்காட்டுகள். மாணவர் தாம் எழுதிய சாளரத்தின் அணுகல் மரத்தைப் பாட்டைவழியே தாமே திறந்து பார்க்கும் பயிற்சி ஒன்று சேர்ந்தால், தம் நிரற்பொருளுக்குப் பெயரில்லை என்பதை அவர் பட்டம் பெறுமுன்பே அறிந்துகொள்வார். அக்செர்சைசர் போன்ற கட்டற்ற கருவிகள் இதற்கு உண்டு.

உரிமையை நீதிமன்றம் அறிவிக்கலாம். அமைவனம் தரம் வகுக்கலாம். அவ்வுரிமை இறுதியில் சென்று சேரும் இடம், எங்கோ ஒரு நிரலர் எழுதும் அல்லது எழுதாமல் விடும் ஒரு வரி. அவ்வரி எழுதப்பட்டிருந்தால் அம்மாணவர் தம் ஆய்வேட்டைத் தாமே சமர்ப்பித்திருப்பார். தம் கடவுச்சொல்லை எவரிடமும் கூறியிருக்க மாட்டார்.